கட்டுக்கு நடுவே ஒரு கழிவு

ஜெபக்கனியை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நான் பணகுடிக்குப் போனேன். கையெழுத்து போட்டாகிவிட்டது, தேதி மட்டும் எழுத வேண்டும். அதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அவருடைய வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. விதிகளை நான் மிகவும் மதிக்கிறவன். அதிலும் அந்த விதியை எழுதிய குழுவில் நானே இருந்தேன்.

என் பெயர் வள்ளிநாயகம். தொழில் பயிற்சி வாரியத்தின் மதுரை அலுவலகத்தில் மதிப்பீட்டாளர். அப்போது வயது ஐம்பத்திரண்டு. பயிற்சி நிலையங்களுக்குப் போய், சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று பார்ப்பது வேலை. எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுவிட்டு, 'திருப்தி' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்களிடம் நெற்றிப்பட்டை இருந்தது.

இரண்டு விரல் அகல ரப்பர் நாடா அது. நெற்றியில் கட்டிக்கொண்டால் மூளைக்குள் நடக்கிற மின்னோட்டத்தைப் படிக்கும். மனம் தடங்கலில்லாமல் போனால் பச்சை. இடறினால் மஞ்சள். சிக்கிக்கொண்டால் சிவப்பு. ஆசிரியருக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் யார் யார் என்ன நிறம் என்று வரிசையாகத் தெரியும். ஒவ்வொருவர் நிறத்துக்கும் பக்கத்தில் ஓர் எண்ணும் வரும், எல்லாருடைய எண்ணையும் கூட்டிச் சராசரி பார்த்தால் அது அந்த வகுப்பின் தெளிவெண். நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே போனால் ஆசிரியர் சரியில்லை என்று அர்த்தம். அந்த அறுபதை நிர்ணயித்தது எங்கள் குழு. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் அதைப்பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கிறேன்.

பணகுடி நிலையம் காற்றாலைகளைப் பராமரிக்க ஆள் தயார் செய்கிற இடம். பயிற்சி தொண்ணூறு நாள். அந்த முறை சேர்ந்த முப்பத்திரண்டு பேரும் பெண்கள். அத்தனை பேரும் முந்தைய வருடம்வரை பீடி சுற்றியவர்கள். பீடிக்கடைகள் ஒவ்வொன்றாக மூடியபோது, கை வேகமும் விரல் நுணுக்கமும் உள்ளவர்களை வேறு எதற்காவது பயன்படுத்தலாமே என்று யாருக்கோ நல்ல யோசனை வந்திருக்கிறது. பதினாறு பதினாறு பேராக இரண்டு வகுப்பு பிரித்திருந்தார்கள். முதல் வகுப்பின் ஆசிரியர் தினகர். நல்ல குரல், திரையில் அழகழகான படங்கள், கோர்வையான விளக்கம். தெளிவெண் தொண்ணூற்று நான்கு. இரண்டாம் வகுப்பு ஜெபக்கனியுடையது. நாற்பத்தொன்று.

உத்தரவில் தேதி விழுந்தால் ஜெபக்கனிக்கு வேலை போகும் என்பதோடு முடியாது. வகுப்பையும் கலைத்துவிடுவார்கள். அடுத்த முறை சேர வயது வரம்பு நாற்பது என்று புது விதி வந்திருந்தது. பதினாறு பேரில் ஒன்பது பேருக்கு அது தாண்டிவிட்டது. அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், சுற்றுவதற்குப் பீடியும் கிடையாது.

நாற்பத்தைந்தாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தேன். புரட்டாசி தொடக்கம். ஆடிக் காற்றின் மிச்சம் ஜன்னல்களை ஆட்டிக்கொண்டிருந்தது. ஜெபக்கனிக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கையில் சாக்பீஸ். என்னைப் பார்த்துப் பதறவில்லை. எதற்கு வந்திருக்கிறேன் என்பது தெரியாமலும் இல்லை.

"வாங்க சார். கடைசியில எடம் இருக்கு. பட்டையக் கட்டிக்கிடுங்க. இங்க யாரும் சும்மா உக்காரக் கூடாது."

கட்டிக்கொண்டேன். பலகையில் பதினேழாவதாக என் பெயருக்கு நேரே பச்சை எரிந்தது. எனக்கு ஒரு திருப்தி.

வகுப்பு தொடங்கியதும் நோட்டுகளை மூடச் சொன்னார். போன வியாழக்கிழமை என்ன படித்தோம் என்பதைப் பார்க்காமல் எழுத வேண்டும். நேற்றுப் படித்ததைக்கூட இல்லை, போன வியாழக்கிழமை. பலகை முழுக்கச் சிவப்பானது. பத்து நிமிடம் பதினாறு பேரும் விட்டத்தைப் பார்ப்பதும் பேனாவைக் கடிப்பதுமாக இருந்தார்கள். தினகராக இருந்தால் இதற்குள் இரண்டு படம் போட்டு எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தியிருப்பார் என்று என் குறிப்பில் எழுதினேன்.

பிறகு புதுப் பாடம். அதையும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே கேள்வி கேட்டார். தெரியாது என்று சொல்ல அனுமதி இல்லை. ஊகித்தாவது எழுத வேண்டும். பீடி இலை அளவுக்கு நறுக்கிய காகிதத்துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். அனேகமாக எல்லாம் தப்பு. தப்பான துண்டுகளை எழுதினவரே எழுந்து நின்று உரக்க வாசித்து, சரியான விடையைப் பின்பக்கம் எழுதி, பீடி நூலால் இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டிச் சுவரில் ஆணியில் மாட்டினார்கள். சுவரில் அப்படி நூறு கட்டாவது தொங்கியது. பீடிக்கட்டு கட்டுகிற அதே முடிச்சு.

"பிரம்மசக்தி அக்கா, உங்க துண்டு" என்றார் ஜெபக்கனி.

முன் வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தார். நாற்பத்தேழு வயது, வகுப்பிலேயே மூத்தவர், முக்கூடல் பக்கத்து ஊர். "பழைய கேள்விக்குத்தான் டீச்சர் எழுதுனேன். இன்னைக்கும் தப்பாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே வாசித்தார். தப்புதான். பலகையில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு.

"அது என்ன பழைய கேள்வி?" என்று நான் கேட்டுவிட்டேன். பார்க்க வந்தவன் வாயைத் திறக்கக் கூடாது என்பதும் விதிதான்.

"பதினோரு நாளா கேக்கேன் சார். தினம் ஒரு துப்பு மட்டும் குடுப்பேன், விடை சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லிப் பாருங்க" என்றார் ஜெபக்கனி. "காத்தாலை உச்சியில, றெக்கை மூணும் சேருத குடத்துக்குள்ள வேலை. கரண்ட நிறுத்தி பூட்டுப் போட்டாச்சு. றெக்கை சுத்தாம முளை இறக்கியாச்சு. காத்தும் இல்ல. அப்பவும் உள்ள கைய விட்டா கை நசுங்கிரும். ஏன்?"

பதினாறு முகங்கள் என் பக்கம் திரும்பின. நான் மின்னணுவியல் படித்தவன். "கெபாசிட்டர்ல கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும்" என்றேன்.

"நானும் ஆறாம் நாள் அதத்தான் எழுதுனேன் சார்" என்றார் பிரம்மசக்தி ஆதரவாக. வகுப்பே சிரித்தது. எனக்குக் காகிதத்துண்டு தந்தார்கள். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

மத்தியானம் அவருடைய அறையில் டீ வந்தது. உத்தரவை எடுத்து மேசையில் வைத்தேன். ஜெபக்கனி அதைத் தொடாமலே படித்தார்.

"உங்க வகுப்புல எல்லாரும் திணறுறாங்க மேடம். பட்டை பொய் சொல்லாது."

"திணறத்தான் சார் வேணும். பட்டை பொய் சொல்லல. நீங்கதான் அது சொல்லுதத மாத்திப் புரிஞ்சுக்கிட்டீங்க."

இந்த மாதிரி பேச்சு எனக்குப் பிடிக்காது. "எப்படி?" என்று கேட்டதில் அது தெரிந்திருக்கும்.

"மனசு இழுபடலேன்னா பச்சை. பாடம் நல்லாத் தெரிஞ்சாலும் பச்சை. பாடம் உள்ளயே போகாம மேல வழுக்கிக்கிட்டுப் போனாலும் பச்சை. ஒருத்தர் கோர்வையாச் சொல்லும்போது நமக்குப் புரிஞ்ச மாதிரியே இருக்கும்லா? அந்த தெளிவு சொல்லுதவருக்குள்ளது. கேக்கவங்களுக்குள்ளது இல்ல. மறந்துபோனத சிரமப்பட்டு வெளிய இழுத்தாத்தான் அது தங்கும். தானா ஒரு தப்பு ஊகம் பண்ணி, அது தப்புன்னு தெரியுறப்ப வர்ற விடை தங்கும். இது நான் கண்டுபிடிச்சது இல்ல சார். மனசப் பத்திப் படிச்சவங்க எத்தனையோ வருசமா சோதிச்சுச் சொன்னது. உங்க குழுவுலயும் படிச்சிருப்பீங்க."

படித்திருந்தோம். ஆனால் அதைச் சோதிக்க நாள் பிடிக்கும், நிறம் உடனே தெரியும். வாரியத்துக்கு உடனே தெரிகிறதுதான் வேண்டும்.

"அதோட இவங்க பீடி சுத்துனவங்க" என்றார் ஜெபக்கனி. "நானும் பாலிடெக்னிக் முடிக்கிறவரை சுத்துனேன். கடையில செக்கர் கட்டப் பிரிச்சுப் பாப்பாரு. ஓரத்துல சரியாச் சுத்தாத கழிவு பீடி இருந்தா தூக்கி வீசிருவாரு. அதனால எல்லாரும் என்ன செய்வோம்? நல்லத சுத்திலயும் வச்சு, கழிவ நடுவுல சொருகிருவோம். இருபது வருசம் அப்படிப் பழகுன கை சார். வகுப்புக்கு வந்தாலும் அதே பழக்கம். புரியாதத நடுவுல ஒளிச்சு வச்சுக்கிட்டு, 'புரிஞ்சுது டீச்சர்'னு தலையாட்டுவாங்க. பதட்டமே இருக்காது. பட்டையும் பச்சை காட்டும். பீடியில கழிவு ஒளிஞ்சிருந்தா குடிக்கிறவன் வைவான், அவ்வளவுதான். நூத்திப் பத்து மீட்டர் உசரத்துல ஒளிஞ்சிருந்தா? அதான் முதல் நாளே சொல்லிட்டேன், இங்க கழிவத்தான் முதல்ல வெளிய வைக்கணும்னு."

நான் டீயைக் குடித்துவிட்டு உத்தரவைக் கையில் எடுத்தேன்.

"தொண்ணூறாம் நாள் கோபுரத்துல செய்முறைச் சோதனை இருக்குல்லா சார். நீங்கதான வருவீங்க. ரெண்டு வகுப்பையும் என்ன கேப்பீங்கன்னு முன்கூட்டிச் சொல்லாம மேல ஏத்திக் கேளுங்க. அதுக்குப் பெறகு தேதி போடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சம்மதித்து, உத்தரவை மறுபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். இந்த அம்மாள் தோற்றுப்போவதை நேரில் பார்த்துவிட்டுத் தேதி போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்ற எண்ணம்தான். மண்டல இயக்குநர் தாமோதரனிடம் போனில் அனுமதி வாங்கினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

அந்தக் கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வள்ளியூர் லாட்ஜுக்குப் போனதும் முதல் வேலையாகத் தேடிப் படித்தேன். ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. படத்தோடு, அம்புக்குறியோடு. அட, இவ்வளவுதானா என்று தோன்றியது. மறுநாள் மதுரைக்குக் கிளம்பும் முன் நிலையத்துக்குத் திரும்பிப் போய், வராந்தாவில் நின்ற ஜெபக்கனியிடம் கடகடவென்று ஒப்பித்தேன்.

"றெக்கையத் திருப்புறது எண்ணெய் அழுத்தம். கரண்ட் போனாலும் அவசரத்துக்கு உதவட்டும்னு ஒரு உருளைக்குள்ள அந்த அழுத்தத்தைச் சேர்த்து வச்சிருக்கும். வால்வைத் திறந்து அதை வெளியேத்தி, முள் பூஜ்யத்துக்கு வந்தாச்சான்னு பார்க்காம கை வச்சா, உள்ளே தண்டு நகர்ந்து நசுக்கிடும். சரியா?"

"சரிதான் சார். எப்படித் தெரிஞ்சுது?"

"படிச்சேன்."

"நல்லாத் தெளிவாப் புரிஞ்சுதா?"

"அதுல என்ன சந்தேகம்?"

"இந்தப் பட்டையக் கட்டிக்கிட்டு ஒருவாட்டி சொல்லுங்க." சொன்னேன். ஜன்னல் வழியே தெரிந்த பலகையில் பச்சை, தொண்ணூற்றேழு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜெபக்கனி ஒரு காகிதத்துண்டில் எதையோ எழுதினார். பாராட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்தைந்து நாள் ஓடியது. வேறு எட்டு நிலையங்களுக்குப் போனேன். எல்லாம் பச்சை.

ஐப்பசியில் மறுபடி பணகுடி. மழைக்கு முந்தைய புழுக்கம், ஓர் இலை அசையவில்லை. சோதனை நான்கு நாள். செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் மேலே இருக்கும் கேமரா பதிந்து மதிப்பெண் போட்டுவிடும், சோதனைக்கு வந்தவர் தவறாகக் கை நீட்டினால் மணி அடிக்கும். நான் சாட்சிக்கு மட்டும். கோபுரத்துக்குள் போகிற யாராக இருந்தாலும் பட்டை வைத்த ஹெல்மெட் போட வேண்டும் என்பதால் எனக்கும் ஒன்று மாட்டினார்கள். சீட்டு குலுக்கியதில் முதல் ஆளாகப் பிரம்மசக்தி பெயர் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு நாளாகச் சிவப்பு எரிந்த பெண்மணி.

லிஃப்டில் ஏறும்போது ஜெபக்கனி பிரம்மசக்தியின் காதில் ஏதோ சொல்லி அனுப்பினார். மேலே உச்சி அறை அடுப்பு மாதிரி காய்ந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் றெக்கைகள் சேரும் குடம், ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவு. பிரம்மசக்தி அவசரப்படவே இல்லை. மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். முளையை இறக்கினார். இறங்கியதா என்று தட்டிப் பார்த்தார். பிறகு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு நொடி யோசித்தபடி நின்றார்.

அந்த ஒரு நொடி எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு எட்டுப் பேரைப் பார்த்தாக வேண்டும். குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே தகட்டில் இயந்திரத்தின் எண் பொறித்திருந்தது, அதை என் படிவத்தில் குறிக்க வேண்டும். தகட்டின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. கரண்ட் இல்லை, காற்று இல்லை, றெக்கை பூட்டியாகிவிட்டது, இனி என்ன பயம். துடைக்கலாம் என்று கையை நீட்டினேன்.

என் மணிக்கட்டை இரண்டு விரல்கள் பிடித்தன. இருபது வருடம் பீடி சுற்றிய விரல்கள். பிடி அசையவில்லை.

"அண்ணாச்சி, கைய எடுங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதுவரை 'சார்' என்றவர் அண்ணாச்சி என்றதுகூட எனக்குப் பிறகுதான் உறைத்தது. என் கையைத் தன் கையாலேயே வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு, மூலையில் இருந்த வட்டமான அளவியைக் காட்டினார். முள் நூற்றறுபதில் நின்றது. பிறகு வால்வைத் திறந்தார். பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் வந்து, வெகுநேரம் கழித்து முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. இறங்கின பிறகும் ஒரு நிமிடம் காத்திருந்து, மறுபடி ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

"இப்பம் துடைங்க."

எனக்குத் துடைக்கத் தோன்றவில்லை. அங்கேயே இரும்புத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

"எப்படிம்மா ஞாபகம் இருந்துச்சு?" என்று கேட்டேன். நன்றி சொல்லியிருக்க வேண்டும், அந்த நேரத்தில் இந்தக் கேள்விதான் வந்தது.

"எப்படி மறக்கும் அண்ணாச்சி? நீங்க வந்துட்டுப் போயி மூணாம் நாளு. வீட்டுல குக்கர எறக்குதேன். அடுப்ப அணைச்சாச்சு. எம்மக வந்து மூடியத் தொறக்கப் போனா. ஏட்டி, ஆவி இருக்கு, கைய எடுன்னேன். சொல்லிட்டு அப்படியே நின்னுட்டேன். அடுப்பு அணைஞ்சாலும் உள்ள அழுத்தம் நிக்கும்லா. அன்னைக்கு நான் சோறே ஆக்கல, டீச்சருக்குப் போன் பண்ணிட்டேன். பதினாலு நாளு அந்தக் கேள்வியோட தூங்கி எந்திரிச்சிருக்கேன். அத எப்படி மறப்பேன்?"

அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் எந்தச் சான்றிதழ் விழாவிலும் பார்த்ததில்லை.

கீழே வந்ததும் என் ஹெல்மெட்டின் பதிவை எடுத்துப் பார்த்தேன். கை நீண்ட அந்த நொடியில் எனக்கு என்ன நிறம் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பச்சை. தொண்ணூற்றேழு. பிரம்மசக்தியின் பதிவில் அதே நொடியில் மஞ்சள். அவர் அடுத்து என்ன என்று மனதுக்குள் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் எதையும் இழுக்கவில்லை. எல்லாம் தெரிந்தவனாக இருந்தேன்.

நான்கு நாளும் முடிந்தது. ஜெபக்கனியின் வகுப்பில் பதினாறில் பதினைந்து பேர் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் கை வைத்தார்கள். தினகர் வகுப்பில் ஐந்து பேர். மற்ற பதினொரு பேரையும் கேமரா எச்சரிக்கை மணி அடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அவர்களில் இரண்டு பேர் கீழே வந்து அழுதார்கள். "தெரியும் சார், இது எங்களுக்குத் தெரியும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மை. தொண்ணூற்று நான்கு அளவுக்குத் தெரிந்திருந்தது. அவர்களைப் பச்சை என்று நம்பி மேலே அனுப்ப இருந்தது நாங்கள். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

தினகர் நல்ல மனிதர். மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் ஜெபக்கனியிடம் வந்து, "மேடம், இவங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும். நானும் வந்து உக்காரட்டுமா?" என்றார். ஜெபக்கனி, "பட்டையக் கட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

அறிக்கையை எழுதி என் பதிவையும் அதில் இணைத்து அனுப்பினேன். தாமோதரன் போன் செய்தார்.

"வள்ளிநாயகம், அந்த அறுபது நீங்க போட்ட அளவுகோல்."

"ஆமா சார்."

"அதையே தப்புன்னு எழுதியிருக்கீங்க. உங்க கை போன கதையெல்லாம் அறிக்கையில எதுக்கு? வாரியத்துல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார். அந்தப் பக்கத்தை எடுத்துட்டா மிச்சத்தை யாரும் நம்ப மாட்டாங்க."

சிரிக்கத்தான் செய்தார்கள். அந்த வருடம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஆனால் உத்தரவு ரத்தானது. முதல் வகுப்புக்கு இன்னொரு நாற்பத்தைந்து நாள் கிடைத்தது, அதில் யாரையும் வயது சொல்லி நிறுத்தவில்லை. தெளிவெண்ணை வைத்து ஆசிரியரை எடைபோடக் கூடாது, பாடம் முடிந்து நாற்பத்தைந்து நாள் கழித்து முன்னறிவிப்பில்லாமல் கேட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று புது விதி வந்தது. அதை எழுதிய குழுவிலும் நான் இருந்தேன். இந்த முறை விருந்தாளிகளிடம் சொல்லவில்லை.

சான்றிதழ் கொடுக்கிற நாளில் போயிருந்தேன். முப்பத்திரண்டு பேரும் நீலச் சீருடையில் வரிசையாக நின்றார்கள். என் மகள் பட்டம் வாங்கியபோதுகூட நான் இவ்வளவு பலமாகக் கை தட்டவில்லை. விழா முடிந்து எல்லாரும் பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது ஜெபக்கனி சுவரிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"பிரிச்சுப் பாருங்க சார். ஓரத்துல தேடாதீங்க, நடுவுல."

நூலை அவிழ்த்தேன். நடுவில் செருகியிருந்த துண்டில், நான் வராந்தாவில் நின்று ஒப்பித்த அன்றைய தேதி இருந்தது. அதற்குக் கீழே ஜெபக்கனியின் குண்டு குண்டான எழுத்து:

'மதிப்பீட்டாளர் சார் விடையைப் படித்துவிட்டு வந்து சொன்னார். பச்சை, 97. சோதனை நாளில் கை வைப்பார்.'

இரண்டு தடவை வாசித்தேன். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த பிரம்மசக்தி, "அதான் டீச்சர் அன்னைக்கு லிஃப்டுல வச்சு, 'அக்கா, சாரு கை எட்டுத தூரத்துலயே நில்லுங்க'ன்னாங்களா" என்றார்.

ஆக, அந்த நாற்பத்தைந்து நாளும் சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது நான். ஜெபக்கனி என்னிடம் வாதாடி ஜெயித்திருக்கலாம், ஜெயித்திருந்தால் அதையும் நான் மறந்திருப்பேன். இப்போது சாகிற வரைக்கும் மறக்காத ஒரு பாடத்தை என் மணிக்கட்டில் எழுதி அனுப்பிவிட்டார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது பெருமை. இப்படி ஒரு ஆசிரியரிடம் நான் படித்திருக்கிறேன்.

"இந்தத் துண்டை நான் வச்சுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"கழிவ வெளிய குடுக்க மாட்டோம் சார். அது வாரவங்களுக்குப் பாடம்" என்றார் ஜெபக்கனி. "ஆனா நீங்க அன்னைக்கு ஒரு துண்டு வாங்காம விட்டீங்க. அது பாக்கி இருக்கு."

கெபாசிட்டர் என்று சொன்ன அன்றைக்கு நான் வாங்க மறுத்த துண்டு. சட்டைப்பையில் கையை விட்டேன். ரத்தான பிறகும் நான் கூடவே வைத்திருந்த, தேதி போடாத உத்தரவு அங்கே மடித்தபடி இருந்தது. பிரம்மசக்தியிடம் கொடுத்தேன். அவர் பையிலிருந்து பீடி இலை வெட்டுகிற கத்தரியை எடுத்து, அளவுத் தகடுகூட இல்லாமல், அந்த உத்தரவை அச்சு பிசகாத துண்டுகளாக நறுக்கித் தந்தார். என் கையெழுத்து விழுந்திருந்த துண்டைத் திருப்பி அதன் பின்பக்கம் என் தப்பை எழுதினேன். எழுந்து நின்று எல்லார் முன்னிலையிலும் வாசித்தேன். பிறகு கட்டைச் சேர்த்து நூல் போட்டு முடிச்சிட்டு ஆணியில் மாட்டப் போனேன்.

பிரம்மசக்தி அதை என் கையிலிருந்து வாங்கி அமுக்கிப் பார்த்தார்.

"முடிச்சு தளர்ந்திருக்கு அண்ணாச்சி. இது கழிவு. பிரிச்சுட்டு மறுபடி கட்டுங்க."

நான்காவது தடவைதான் சரியாக வந்தது. இப்போதும் எனக்கு அந்த முடிச்சு தெரியும்.